துருப்பிடித்த கப்சாயும் சயாம் தண்டவாளமும்



'கப்சாய்' என்னும் சொல்லை அறியாத தோட்டப்புறத் தமிழர் இலர். ஹோண்டா நிறுவனத்தின் 'கப்' என்னும் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டி இப்பெயர் பிறந்தது என்பர். இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டார் சைக்கிளும் நமக்குக் கப்சாய்தான். நம் கெடா மாநிலத்துக் குருணில் 1996இல் உருவான மொடேனாஸ் கிரிஸ் உட்பட.

இவ்வண்டியின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 1958இல் தொடங்குவர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் 'சூப்பர் கப்' வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ மலாயாவில் ஹோண்டாவை விற்கும் உரிமையைப் பெற்றார். அவர் பேருந்து கழுவியும் பட்டறையில் உழைத்தும் முன்னுக்கு வந்தவர். கைக்கிளட்ச் இல்லாத வண்டி அது. கால் கியரை மாற்ற, கிளட்ச் தானே விலகித் தானே பிடிக்கும். சேறு தெறிக்காமல் கால்களை மறைக்க நெகிழித் தகடு உண்டு. செம்மண் சாலைக்கும் ரப்பர் காட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான வண்டி ஏது? கிராணியார் வீட்டு வாசலில் மட்டுமே நின்ற மோட்டார் சைக்கிள், லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் கதையின் வேர் 1946இல் இருக்கிறது. போரில் தோற்ற ஜப்பானில் ஹமமட்சு என்னும் ஊர். கொல்லர் மகனான சோய்ச்சிரோ ஹோண்டா, இராணுவம் விட்டுச்சென்ற வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு இயந்திரங்கள் ஏறத்தாழ 500ஐ வாங்கினார். அவற்றைச் செப்பனிட்டுச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். முதல் மாதிரி வண்டிக்கு எரிபொருள் கலன் எது தெரியுமா? குளிர்காலப் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை! பழைய இயந்திரங்கள் தீர்ந்த பிறகே அவர் சொந்த இயந்திரம் வடித்தார். ஆக, ஹோண்டாவின் தொடக்கமே வேண்டாப் பொருளை மீட்டெடுத்த கதைதான்.

அந்த இராணுவத்தை நம்மவர் நன்கறிவர். 1941 டிசம்பர் 11, 12ஆம் நாள்களில் ஜித்ராவில் ஆங்கிலேயப் படையை முறியடித்து, சைக்கிள் மிதித்தே தெற்கு நோக்கி விரைந்த படை அது. பின்னர் நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பலவந்தமாகப் பிடித்தும், தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் சயாமுக்கு அனுப்பியது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் மாண்டவர் பலர். என் தாத்தாவின் அண்ணனும் திரும்பவில்லை.

தாத்தா இறுதிவரை ராலே சைக்கிளைத்தான் மிதித்தார். அப்பா சி70 ஹோண்டாவை வாங்கி வந்த நாளில் அதை அவர் தொட்டும் பார்க்கவில்லையாம். பீடோங் பட்டணம் போக அப்பா அழைத்தால், "நீ போப்பா, நான் நடந்து வரேன்" என்பார். அந்த வண்டியில்தான் நான் பள்ளிக்குச் சென்றேன். ஒரே வீட்டில் இரு நியாயங்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன்.

கடந்த பள்ளி விடுமுறையில், பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பழைய இரும்புக்கடைக்குப் போகவிருந்த மூன்று சி70 இயந்திரங்களை மீட்டு வந்தார். மூன்றையும் பிரித்து ஒன்றாக்குவது திட்டம். அலுமினிய உறை துருப்பிடிக்கவில்லை, வெண்பொடி பூத்திருந்தது, அவ்வளவே. சிலிண்டரோ வார்ப்பிரும்பு, பிஸ்டன் அதனுள் இறுகிக் கிடந்தது. டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினோம். ஆறாம் நாள் அசைந்தது. 47 மில்லிமீட்டர் துளையில் துரு குழி விழுந்திருந்ததால் 47.5ஆகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போட்டோம். தலைப்பகுதி ஒன்றிலிருந்து, சுழல்தண்டு மற்றொன்றிலிருந்து. காந்தச் சக்கரத்தின் அடியில் தீப்பொறி முனைகளைத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்ததும் பொறி பறந்தது. உதைத்தபோது புகை கக்கிக்கொண்டு ஓடியது. எத்தனையாவது உதை என்பதில் நண்பருக்கும் எனக்கும் இன்னமும் வழக்கு.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலிருக்கும் பழைய வண்டியை விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். அதன் பதிவு அட்டையை, நாம் 'கிராண்ட்' என்கிறோமே, அதை மட்டும் படமெடுத்து வையுங்கள். உரிமையாளர் பெயரின் கீழ் முகவரி இருக்கும். என் அப்பாவின் அட்டையில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் தட்டச்சில் உள்ளன. அந்தப் பிரிவு இன்று வீடமைப்புப் பகுதி. அங்குள்ள எந்தப் பெயர்ப்பலகையிலும் அந்தப் பெயர் இல்லை.