காஞ்சொறி: காய்வது எது?

அண்மையில் ஒரு மூலிகைக் கூட்டத்தில் பேசிய அன்பர், காய்ந்த சொறியைப் போக்குவதால்தான் முன்னோர் இந்தக் கொடிக்குக் காஞ்சொறி என்று பெயரிட்டார்கள் என்றார். அரங்கு கைதட்டியது. என் மனம் பதறியது. இதை நம்பி யாராவது அரிக்கும் இடத்தில் அந்த இலையை அரைத்துப் பூசினால் என்ன ஆகும்?

நோயைப் போக்குவதால் பெயர் சூட்டும்போது தமிழ் அதைப் பெரும்பாலும் வினையிட்டே சொல்லும். முடக்கை அறுப்பது முடக்கறுத்தான். வாதத்தை அடக்குவது வாதமடக்கி. காஞ்சொறியில் அறுப்பதும் இல்லை, அடக்கலும் இல்லை. சொறி மட்டுமே நிற்கிறது. அது செடி தீர்க்கும் சொறி அன்று, தருகிற சொறி.

இனி முதற்பாதி. கான் + சொறி, அதாவது காட்டுச் சொறி என்பார் பலர். பொன் + குடம் பொற்குடம் ஆவது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வழியே பார்த்தால் காற்சொறி என்றோ, இயல்பாய்க் கான்சொறி என்றோ வர வேண்டும். ஞகரத்துக்கு இடமே இல்லை. மேலும் இது காட்டில் ஒளிந்து வாழும் கொடி அன்று. வேலியோரத்திலும் புதரிலும் படர்ந்து, ஆடு மேய்ப்பவர் காலைப் பதம் பார்ப்பது. காடு இதற்குத் தனி அடையாளம் ஆகாது.

என் முடிவு இது: காய் + சொறி. காய்தல் என்றால் உலர்தல் மட்டுமன்று, சுடுதல், எரிதல். காய்கதிர், காய்சினம், காய்ச்சல், குளிர்காய்தல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. காய்சினத்தில் மெல்லெழுத்து இல்லையே என்று கேட்பார்கள். அது வினைத்தொகை. இங்கே காய் என்பது முதனிலைத் தொழிற்பெயராய் நின்று, காய்தலை உடைய சொறி என வேற்றுமைப் பொருள் தருகிறது. வேய் + குழல் வேய்ங்குழல் ஆனதுபோல் காய்ஞ்சொறி. பின் யகரம் தேய்ந்து காஞ்சொறி. காய்ச்சலைக் காச்சல் என்றும், காய்ந்ததைக் காஞ்சது என்றும் இன்றும் சொல்கிறோமே!

அண்டை மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தில் சொறியணம்; கன்னடத்தில் துரி என்னும் அரிப்பிலிருந்து துருச்சி. இரண்டும் அரிப்போடு நின்றுவிட்டன. தமிழ் எரிச்சலையும் சேர்த்துச் சொன்னது. ஐரோப்பாவின் சுணைச்செடிக்கு இலத்தீனில் உர்ட்டிகா என்று பெயர். எரித்தல் எனப் பொருள்படும் ஊரெரே என்ற வினையிலிருந்து வந்தது. இமயமலைக் கடுவால் பகுதியார் தம் மலையில் வளரும் உர்ட்டிகாவைப் பிச்சு காஸ், அதாவது தேள்புல் என்கிறார்கள். தொட்டவன் தோல் எங்கும் ஒன்றுதான்.

தென்மாவட்டத்தார் இதைச் செந்தட்டி என்பர். அகராதிகள் செந்தொட்டி என்று தரும். தொட்டாற்சுருங்கியில் தொட்டால் சுருங்குவது இலை. செந்தொட்டியில் தொட்டால் சிவப்பது தோல். செம்மையும் காய்தலும் ஒரே அனுபவத்தின் இரு பெயர்கள். என் பிரிப்புக்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டுமா?

காஞ்சொறியும் உர்ட்டிகாவும் பெயர்க்கருத்தில் ஒத்தாலும் செடி ஒன்றென்று கொள்ளலாகாது. நம் காஞ்சொறி ஆமணக்குக் குடும்பம். அதன் சுணையின் நுனியில் கால்சியம் ஆக்சலேட் ஊசி இருக்கிறது. உர்ட்டிகா வேறு குடும்பம். கண்ணாடிபோன்ற அதன் சுணைநுனி உடைந்து ஹிஸ்டமின் முதலியவற்றைத் தோலுக்குள் செலுத்துகிறது. கடுவாலில் அதன் இளந்தளிரைக் கையுறையிட்டுப் பறித்து வேகவைத்துக் கீரையாய் உண்கிறார்கள். வெந்தால் சுணை செயலிழக்கும். இரும்பும் சுண்ணாம்பும் மிக்க கீரை அது. அதன் வேரை ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கு ஜெர்மனியில் ஏற்றிருக்கிறார்கள்; வீக்கத்தை அது கரைப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர், கருவுற்றோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது. அந்த உர்ட்டிகா இலைத்தூளுக்குக் காஞ்சொறித் தேநீர் என்று தமிழ்ப்பெயர் எழுதி விற்பது மொழிக்கும் கேடு, உடலுக்கும் கேடு. நாளை ஒருவர் வேலியில் படர்ந்ததைப் பறித்துக் கொதிக்கவைப்பார்.

காஞ்சொறியே மருந்தில் இல்லையா என்றால், உண்டு. 2020இல் கொரோனாவின்போது ஊரெல்லாம் குடித்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. வேர் என்பதைக் கவனியுங்கள். சுணை இருப்பது தண்டிலும் இலையிலும் காயிலும். சித்தர் மரபு எரிக்கும் உறுப்பை விலக்கி, வேரை எடுத்து, மற்றவற்றோடு அளவாய்ச் சேர்த்துக் காய்ச்சியது. பெயரின் பொருள் தெரிந்தவன் செய்யும் வேலை அது.

தெரியாமல் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் சுணை இன்னும் இறங்கும். ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்துச் சுணையை நீக்கி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஞகரம் வந்த வழியை மறுப்பவர் மறுக்கட்டும். முதன்முதலில் இக்கொடியைத் தொட்டுக் கையை உதறியவன்தான் இதற்குப் பெயர் வைத்தான். பின்னால் வருபவர் கை எரியாமலிருக்க வைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை மருந்துச்சீட்டாக்கி அவன் எச்சரிக்கையை அழிக்க வேண்டாம்.