ப. சுப்பராயன்
ப. சுப்பராயன் (1889–1962), சொந்தக் கட்சி இல்லாமலே சென்னை மாகாண முதலமைச்சரானவர். திருச்செங்கோடு அருகிலுள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 தேர்தலில் அதிக இடங்களில் வென்ற சுயராஜ்யக் கட்சி, இரட்டையாட்சியில் பதவியேற்க மறுத்தது. அதனால் சுயேச்சையான சுப்பராயன் அமைச்சரவை அமைத்தார்.

1928இல் சைமன் குழுவைப் புறக்கணிப்பது குறித்த சிக்கலில் அமைச்சர்கள் இருவர் விலகினர். அதுவரை எதிர்த்துவந்த நீதிக்கட்சியின் ஆதரவால் ஆட்சி தப்பியது. புதிதாக அமைச்சரான முத்தையா முதலியார், 1921 முதல் பெரும்பாலும் ஏட்டளவில் இருந்த வகுப்புவாரி ஆணையை அரசுப் பணிகளில் நடைமுறைப்படுத்தினார். நிலையற்ற அவ்வாட்சியின் நிலைத்த விளைவு இதுவே.

பின்னர் காங்கிரசில் சேர்ந்த சுப்பராயன், 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறைகளையும், 1959–1962இல் நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறையையும் வகித்தார். மகாராட்டிர ஆளுநராக இருந்தபோது 1962 அக்டோபரில் காலமானார்.