பண்பு வழு (பைத்தான்)

பண்பு வழு என்பது பைத்தான் நிரலாக்க மொழியில், ஒரு பொருளிடம் இல்லாத பண்பையோ செயற்கூற்றையோ நிரல் கேட்கும்போது எழும் விதிவிலக்கு ஆகும். கைடோ வான் ரொசம் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட இம்மொழியில் மாறியின் இனத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே இவ்வழு பெரும்பாலும் நிரல் ஓடும்போதே வெளிப்படுகிறது. பல வகுப்புகள் ஒன்றையொன்று பயன்படுத்தும் நிரல்களில், வழு தோன்றும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் வேறுபடுவது உண்டு.

== பண்பு தேடப்படும் முறை ==

ஒரு பண்பு கேட்கப்பட்டால் பைத்தான் பொதுவாக அதை முதலில் அப்பொருளிலும், பின்னர் அதன் வகுப்பிலும், அதன் பின்னர் தாய் வகுப்புகளிலும் தேடும். எங்கும் கிடைக்காதபோது பண்பு வழு எழுப்பப்படும்.

== பொதுவான காரணங்கள் ==

* சேய் வகுப்பு தனக்கென ஒரு தொடக்கியை வரையறுத்தால் தாய் வகுப்பின் தொடக்கி தானாக இயங்காது. அங்கு அமைக்கப்பட வேண்டிய பண்புகள் உருவாகாமல் போகும். சூப்பர் என்னும் சார்பின் வழியாகத் தாயின் தொடக்கியை அழைப்பது தீர்வாகும்.
* செல்ஃப் என்னும் முன்னொட்டு இன்றி மதிப்பிட்டால் அது உள்ளக மாறி மட்டுமே. செயற்கூறு முடிந்ததும் மறையும்.
* அடைப்புக்குறிகளை விட்டுவிட்டால் பொருளுக்குப் பதிலாக வகுப்பே பிற வகுப்புக்கு அனுப்பப்படும். தொடக்கியில் அமையும் பண்புகள் அதனிடம் இரா.
* இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கும் பெயர்களை (அடிக்கோடுகளில் முடியாதவை) பைத்தான் வகுப்புப் பெயருடன் சேர்த்து மாற்றிவிடும். ஆகவே வேறு வகுப்பிலிருந்து அதே பெயரால் அவற்றை அணுக இயலாது.

== எடுத்துக்காட்டு ==

நூலகம் வகுப்பின் ''தேடு'' செயற்கூறு, உறுப்பினர் எண்ணைப் பெற்று உறுப்பினர் பொருளைத் திருப்பித் தருகிறது எனக் கொள்வோம். எண் பொருந்தாதபோது எதையும் திருப்பித் தர எழுதப்படவில்லை எனில், வெறுமையைக் குறிக்கும் ''நன்'' என்ற மதிப்பு தானாகத் திரும்பும். அதைப் பெற்ற இரவல் வகுப்பு ''உறுப்பினர்.பெயர்'' எனக் கேட்டவுடன், நன்டைப் இனப் பொருளுக்குப் பெயர் என்ற பண்பு இல்லை என்னும் செய்தி வரும். வழு காட்டப்படும் வரி இரவல் வகுப்பில் உள்ளது. காரணமோ நூலகம் வகுப்பில் உள்ளது.

== திருத்தும் முறை ==

# வழுச்செய்தியில் உள்ள இனத்தின் பெயரையும் பண்பின் பெயரையும் படிக்க வேண்டும். எதிர்பாராத இனம் எனில் தவறான பொருள் வந்துள்ளது. சரியான இனம் எனில் பண்பு அமைக்கப்படவில்லை அல்லது பெயர் பிழையானது.
# அப்பொருள் எங்கு உருவானது, எந்த அழைப்பின் வழியாக வந்தது என்பதைப் பின்னோக்கித் தேட வேண்டும்.
# காரணம் உள்ள வகுப்பிலேயே திருத்த வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், உறுப்பினர் இல்லையெனில் ''தேடு'' தெளிவான ஒரு விதிவிலக்கை எழுப்பலாம்.

வழுவைப் பிடித்துப் பேசாமல் விட்டுவிடுவதும், எல்லா இடங்களிலும் இயல்பு மதிப்பு தருவதும் தீர்வாகா. அவ்வாறு செய்தால் நிரல் நிற்காது. ஆனால் யாருடையது என அறியப்படாத இரவல் பதிவாகிவிடும்.

== துணைக் கருவிகள் ==

2021 இல் வெளிவந்த பைத்தான் 3.10 முதல், பெயர் சிறிதளவு பிழையாக இருந்தால் ஒத்த பெயரை வழுச்செய்தியே பரிந்துரைக்கும். இனக்குறிப்புகள் எழுதப்பட்ட நிரலை ''மைபை'' போன்ற கருவிகள் ஓட்டுவதற்கு முன்பே சரிபார்க்கும். 2008 இல் வெளிவந்த பைத்தான் 3.0 முதல் மாறிகளுக்கும் வகுப்புகளுக்கும் தமிழ்ப் பெயர் இடலாம் என்பதால், மேலுள்ள பெயர்களை நிரலில் அவ்வாறே எழுத இயலும்.