வளர்வது வேறு, காய்ப்பது வேறு

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி, பழனி வழியாகத் திண்டுக்கல் போகும் ரயிலில் ஏறினால், பாதி தூரத்துக்கு ஜன்னலில் தென்னைதான். பழனி நெருங்கும்போது தெற்கே எழும் மலைத்தொடரின் மேலே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே கூட்டம் கூட்டமாகப் பைன் மரங்கள் நிற்கின்றன. தென்னைக்கும் பைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

எங்க பக்கத்துத் தோட்டக்காரரிடம், "ஏனுங்க, மழை நல்லாத்தானே பேஞ்சுது, காய் ஏன் கம்மியாப் போச்சு?" என்று கேளுங்கள். "அது முந்தின கோடை அடிச்ச அடிங்க, இப்பத்தான் தெரியுது" என்பார். தென்னையில் பாளையின் கரு உள்ளே உருவாகத் தொடங்கியதிலிருந்து தேங்காய் முற்றும் வரை மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் எந்தக் கோடை கடுமையாக இருந்தாலும் அது விளைச்சலில் எப்போதாவது வந்து நிற்கும். என் தொழிலில் இது பழகிய விஷயம். புரோகிராம் இன்று உடையும். காரணம் என்றோ எழுதிய ஒரு வரியில் இருக்கும்.

பைனும் இப்படித்தான். கூம்பின் மொட்டு ஒரு பருவத்தில் உருவாகும். அடுத்த பருவத்தில் காற்று மகரந்தத்தைக் கொண்டுவரும். ஆனால் உடனே கருவுறாது. பெரும்பாலான பைன் இனங்களில் ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே காத்திருக்கும். அதற்கப்புறம்தான் விதை முற்றும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வானிலை வேண்டும். மகரந்தம் பறக்கும் நாட்களில் அடைமழை பிடித்தால் எல்லாம் கழுவிப் போய்விடும். மொட்டு உருவாகும் சமயத்தின் வெப்பநிலையும் முக்கியம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் பின்யான் பைன் மரங்களை ஆராய்ந்தவர்கள், 1970களோடு ஒப்பிட்டால் 2000களில் கூம்புகள் சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மொட்டு உருவாகும் கோடைக் கடைசி சூடாகிவிட்டதோடு அவர்கள் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைக்காரர்கள் குடியேறியபோது முதல் தேவை விறகு. சோலைகள் குறையவும், ஆஸ்திரேலியாவிலிருந்து சவுக்கு போன்ற வாட்டிலும், நாம் தைல மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் வந்தன. கொடைக்கானல் பைன் காட்டை 1906-ல் வன அதிகாரி பிரையண்ட் தொடங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். விடுதலைக்குப் பிறகு தேவை மாறியது. ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும். பைனின் நீண்ட நார் காகிதத்துக்கு உகந்தது. மெக்சிகோ மேட்டு நிலத்தின் பட்டுலா பைன் நம் மலைகளில் பரவலாக நடப்பட்டது. நட்டவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு வேகமாக வளரும்? அந்த மலைப் புல்வெளிகள் அவர்கள் கணக்கில் வெறும் தரிசு.

இதே காலத்தில் மலேசியாவில் நடந்ததைப் பார்த்தால் விடுபட்ட கேள்வி புரியும். அங்கே கூழுக்காகக் கரீபியன் பைனை நட்டுப் பார்த்தார்கள். மரம் மளமளவென்று வளர்ந்தது. சில மரங்கள் கிளையே விடாமல் நரிவால் போல மேலே போய்க்கொண்டே இருந்தன. ஆனால் முளைக்கிற விதை சரியாகக் கிடைக்கவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய தாழ்நிலம். வறண்ட பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. வெளியிலிருந்தே விதை வாங்க வேண்டியிருந்தது. வளர்ச்சிக்கு ஏற்ற இடம் காய்ப்புக்கு ஏற்ற இடம் அல்ல.

கொடைக்கானலில் கதை நேர்மாறு. உயரமும் குளிரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ச்சலும் பட்டுலா பைனின் சொந்த ஊரைப் போலவே இருக்கின்றன. அதன் கூம்புகளில் பல, முற்றிய பிறகும் வருஷக்கணக்கில் மூடியபடி கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடும் வெயிலோ தீயோ பட்டால் திறக்கும். விதைக்கு இறகு உண்டு. காற்று தூக்கிப் போகும். நம் மலைப் புல்வெளிகளில் தீப்பிடிப்பதும் அந்தக் காய்ச்சல் மாதங்களில்தான். தோட்டத்துக்கு வெளியே, புல்வெளியில், யாரும் நடாத பைன் நாற்றுகள் முளைத்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வந்த ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் முக்கியக் காரணம். பரவுவதில் வாட்டில்தான் பைனைவிட மோசம். இருந்தாலும் நட்டதோடு நின்றுவிடாமல் தானே நடந்துபோகும் மரங்களின் வரிசையில் பைனும் சேர்ந்துவிட்டது.

போத்தனூர்க்காரனுக்கு இதில் என்ன? கோவைக்குப் பில்லூரிலிருந்து வரும் பவானித் தண்ணீர் நீலகிரியின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் ஊறி வருவது. மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது அந்தப் புல்லின் வேலை. அது சுருங்கினால் கோடையில் ஓடைகள் சுருங்கும்.

இப்போது அயல் மரங்களை வெட்டி அகற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பைனைச் சாய்த்து, கூம்போடு கிளைகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தால், வெயில் அந்தக் கூம்புகளைத் திறந்துவிடும். வெறுமையான மண்ணும் தயாராக இருக்கும். தீ வைத்தாலும் அதே கதை. கூம்புகளைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். அடுத்த சில வருஷங்கள் மழைக்குப் பிறகு திரும்பிப் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். டெண்டரில் மரத்தின் கனமீட்டர் இருக்கும். இந்த வேலைக்கும் அதில் ஒரு வரி வேண்டும்.