பட்டினத்தார் வழியில் – 7: ஏழாயிரம் ரூபாய்ப் பிள்ளை

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் ஆண் வாரிசு இல்லையென்றால் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். பணம் பேசி முடித்தால் மட்டும் போதாது, கோயில் மாலை வர வேண்டும். ஒன்பது நகரக் கோயில்களில் அந்தக் குடும்பம் எதைச் சேர்ந்ததோ, அங்கிருந்து வரும் மாலை பிள்ளையின் கழுத்தில் விழுந்தால்தான் அவன் அந்த வீட்டுக்குச் சொந்தம்.

1927 ஜூன் 24-ல் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பச் செட்டியாருக்கும் விசாலாட்சி ஆச்சிக்கும் எட்டாவது குழந்தையாகப் பிறந்த முத்தையா, இந்த வழக்கப்படி காரைக்குடிக்குப் போனான். சுவீகாரத் தொகை 7,000 ரூபாய். புது வீட்டில் சிகப்பி ஆச்சி தாயானார். பெயரும் நாராயணன் என்று மாறியது. பின்னாளில் அவன்தான் கண்ணதாசன்.

அவன் வளர்ந்த சமூகத்தில் சமயம் வெறும் நம்பிக்கையல்ல, கட்டுப்பாடு. ஆண்களுக்கு உபதேசம் பாதரக்குடி மடத்தில். பெண்களுக்குத் துலாவூர் மடத்தில். காரைக்குடியை ஒட்டிய கோயிலூர் மடத்தில் வேதாந்தப் பாடம். பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணத்தில் தேக்குத் தூண் நிறுத்திக் கட்டிய வீட்டுக்குள்ளேயே, எதுவும் கூட வராது என்ற பாடமும் நடந்தது. அந்தப் பாடத்தின் ஆசான் பட்டினத்தார்.

பட்டினத்தாரின் கதை செட்டிநாட்டுக்கு அந்நியமல்ல. நகரத்தார் தங்கள் பூர்விகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அவர். மகப்பேறு இல்லாமல், பொன் கொடுத்து ஒரு பிள்ளையை வாங்கி வளர்த்தார். அந்தப் பிள்ளை மருதவாணன்தான் ஒருநாள் காதறுந்த ஊசியை விட்டுவிட்டு மறைந்து, தகப்பனைத் துறவியாக்கினான் என்கிறது மரபு. தானும் விலை பேசி மாலையிடப்பட்ட பிள்ளை என்று அறிந்த ஒருவன் இந்தக் கதையைக் கேட்டால், அது வெறும் புராணமாக அவன் காதில் விழுமா?

விழவில்லை என்பதற்கு அவர் பாட்டுகளே சாட்சி. 1962-ல் வந்த ‘பாத காணிக்கை’யில், பிணத்தோடு எந்த உறவு எத்தனை தூரம் வரும் என்று அவர் அளந்து காட்டியபோது தமிழ்நாடே உறைந்து கேட்டது. பட்டினத்தார் பாடிய வரிகளின் வம்சம் அது. சினிமாவுக்கு அந்த இருட்டை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. செட்டிநாட்டுச் சைவம் ஊட்டி வளர்த்த நிலையாமைதான் அந்தக் குரலில் பேசியது.

ஆனால் அந்தப் பாட்டுக்கு முன்னே ஒரு பெரிய முறிவு இருக்கிறது. அமராவதிபுதூர் குருகுலத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்த அந்த இளைஞர், கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கும் திராவிட இயக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கண்ணனுக்குத் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டே நாத்திகம் பேசினார்! வளர்ப்பு ஒரு பக்கம் இழுத்தது, கட்சி மறுபக்கம் இழுத்தது.

அப்போது கட்சியின் குறி கம்பன். 1943-லேயே அண்ணா கம்பராமாயணத்தை எதிர்த்து மேடையில் வாதாடியிருந்தார். கண்ணதாசனின் சொந்தக் காரைக்குடியிலோ, சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிக் கம்பனுக்கு விழா எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மண்ணின் பிள்ளையே கம்பனைத் தாக்கினால் அடி எவ்வளவு பலமாக விழும்!

தாக்க வேண்டுமானால் முதலில் படித்தாக வேண்டும். குற்றம் தேடிக் கண்ணதாசன் கம்பராமாயணத்தைப் பிரித்தார். கட்சிக்கு ஆயுதம் எடுக்கப் போனவரைக் கம்பன் என்ன செய்தான்?

(தொடரும்)