சீசன் இல்லாத இறுதிச்சுற்று: முலுண்ட்–மாட்டுங்கா கல்லூரிக் கூடைப்பந்தை முன்வைத்து

1. சிக்கல்

மும்பையின் மத்திய ரயில் பாதையில் மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரை நிலையத்துக்கு நிலையம் கல்லூரிகள். மாட்டுங்காவில் 1937இல் தொடங்கிய ராம்நாராயண் ரூயா, 1941இல் தொடங்கிய ஆர். ஏ. போதார், பொறியியலுக்குப் பேர்பெற்ற வி.ஜே.டி.ஐ.; அடுத்து சயனில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் எஸ்.ஐ.இ.எஸ்.; வித்யாவிஹாரில் சோமையா. தானேக்கு முந்தைய நிலையமான முலுண்டில் தண்டவாளத்துக்கு மேற்கே 1970இல் தொடங்கிய முலுண்ட் வணிகவியல் கல்லூரி, கிழக்கே 1984இல் தொடங்கிய வி. ஜி. வஜே கல்லூரி. மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிவரும் வட்டாரம் இது.

இந்த வரிசையில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணி ஆண்டு முழுவதும் பயிற்சி செய்கிறது என்று கொள்வோம். பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் அது முதல் சுற்றிலேயே தோற்றால், அந்த ஆண்டில் அதன் அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றே ஒன்று. நாற்பது நிமிட ஆட்டத்தோடு ஓராண்டு முடிந்துவிடுகிறது. இது ஏதோ ஒரு அணியின் துரதிர்ஷ்டம் அல்ல. நம் கல்லூரி விளையாட்டின் அமைப்பே இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. கல்லூரி விளையாட்டில் இறுதிச்சுற்று இருக்கிறது, அதற்கு முன்னால் இருக்க வேண்டிய சீசன் இல்லை. அந்தக் குறை வீரர்களையும் கல்லூரிகளையும் பார்வையாளர்களையும் எப்படிப் பாதிக்கிறது, அதைத் தீர்க்கும் முன்மாதிரி மும்பையிலேயே எங்கே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. அமெரிக்க ஒப்பீடு

கூடைப்பந்து 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆக, ஆட்டமும் அதைச் சொல்லிக்கொடுக்கும் முறையும் ஒரே ஊற்றிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை. வந்து சேராதது, அமெரிக்கக் கல்லூரிகள் பின்னாளில் அந்த ஆட்டத்தைச் சுற்றிக் கட்டிய கால ஒழுங்கு.

அங்கே பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டணியை அமைத்துக்கொள்கின்றன. குளிர்கால மாதங்களில் ஒன்றையொன்று உள்ளூரிலும் வெளியூரிலும் சந்திக்கின்றன. இந்த வழக்கமான சீசன் முடிந்ததும் மார்ச்சில் சில நாட்கள் கூட்டணிக்குள் ஒரு நாக்-அவுட் போட்டி நடக்கிறது. அதில் வெல்லும் கல்லூரிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். 1939இல் 8 அணிகளோடு தொடங்கிய அத்தேசியப் போட்டியில் 1985 முதல் 64 அணிகளும் 2011 முதல் 68 அணிகளும் ஆடுகின்றன.

கூட்டணியின் சீசன் இறுதிப் போட்டி எவ்வளவு கொடூரமாகவும் எவ்வளவு தாராளமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 1974இல் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியின் இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலைனா ஸ்டேட் கூடுதல் நேரத்தில் மேரிலாந்தை 103–100 என்று வென்றது. கூட்டணிக்கு ஒரே இடம் என்பது அன்றைய விதி. நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாந்து வீடு திரும்பியது. வென்ற அணி தேசியக் கோப்பையையே கைப்பற்றியது. அடுத்த ஆண்டே தேசியப் போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரு கூட்டணியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளும் செல்ல வழி பிறந்தது. மறுபக்கம், 2011இல் பிக் ஈஸ்ட் கூட்டணி ஆட்டங்களில் 9 வெற்றி, 9 தோல்வி என்று பின்தங்கியிருந்த கனெக்டிகட் பல்கலைக்கழகம், ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்று கூட்டணிக் கோப்பையையும், பிறகு தேசியக் கோப்பையையும் எடுத்தது.

இரண்டு கதைகளுக்கும் உயிர் கொடுப்பது அவற்றுக்கு முந்தைய மாதங்கள். மேரிலாந்தின் இழப்பு உறுத்துவதற்குக் காரணம், அந்த அணி யார் என்று சீசன் முழுதும் பார்த்தவர்களுக்குத் தெரியும் என்பதுதான். கனெக்டிகட்டின் எழுச்சி வியப்பளிப்பதற்குக் காரணம், அது எத்தனை முறை விழுந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்பதுதான். சீசன் ஓர் அணியை அடையாளம் காட்டுகிறது. இறுதிப் போட்டி அந்த அடையாளத்தைச் சோதிக்கிறது. முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் நடத்தினால் சோதிப்பதற்கு எதுவும் இருக்காது.

3. நம் அமைப்பு: கல்லூரி மறையும் இடம்

இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டின் தலைமை அமைப்பு 1925இல் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வாரியமாகப் பிறந்து, 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமாகப் பெயர் மாறியது. கூடைப்பந்தில் அது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என மண்டலப் போட்டிகளை நடத்துகிறது. மண்டலங்களில் முன்னிலை பெற்றவை அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. 2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இந்த ஏணிக்கு மேலே இன்னொரு படியைச் சேர்த்தன. எந்தப் படியிலும் ஒரு அணி ஆடுவது சில நாட்கள்தான்.

இந்த ஏணியில் ஏறுவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். 1857இல் நிறுவப்பட்ட மும்பைப் பல்கலைக்கழகத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. அதன் எல்லை கொங்கணக் கரையோரம் சிந்துதுர்க் வரை நீள்கிறது. அத்தனை கல்லூரிகளிலிருந்தும் மேற்கு மண்டலப் போட்டிக்குப் போகும் அணியில் இருப்பவர்கள் 12 பேர். முலுண்டுக் கல்லூரி ஒன்று தன் பல்கலைக்கழகத்துக்குள் முதலிடம் பெற்றாலும் அந்த அணி அணியாக மேலே போவதில்லை. அதன் வீரர்களில் ஒருவரோ இருவரோ தேர்வுக் குழுவின் கண்ணில் பட்டு, வேறு கல்லூரிக்காரர்களோடு சேர்ந்து 'மும்பை' என்ற சட்டையை அணிகிறார்கள். ஆகவே கல்லூரிகளுக்கிடையேயான போட்டி நடைமுறையில் ஒரு தேர்வு முகாமாகச் சுருங்கிவிடுகிறது.

சுருங்குவதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியதற்கான சான்றிதழ் மத்திய அரசுப் பணிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குத் தகுதி தருகிறது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தத் தாளின் மதிப்பு பெரிது. அதை இழிவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பரிசு தனி ஆளுக்கு என்றாகும்போது, சக ஆட்டக்காரனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவதைவிடத் தானே கூடையில் போட்டுத் தேர்வாளர் கண்ணில் படுவது லாபம் என்றாகிறது. ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு இதைவிட ஒவ்வாத ஊக்கம் வேறில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு மாற்றம் சேர்ந்திருக்கிறது. 2019இல் சோமையா கல்விக் குழுமம் சோமையா வித்யாவிஹார் பல்கலைக்கழகமானது. 2020இல் தென்மும்பையின் கே.சி., எச்.ஆர். கல்லூரிகள் எச்.எஸ்.என்.சி. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. இவ்வகைச் சிறு பல்கலைக்கழகங்கள் ஏணியின் இரண்டாம் படியிலிருந்தே ஏறலாம். ஒரே வளாகத்தில் ஆண்டு முழுதும் ஒன்றாக ஆடுபவர்களே மண்டலத்துக்கும் போகலாம். முலுண்டில் படிப்பவரோ பல்கலைக்கழகத்தின் 12 இடங்களுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே ரயில் பாதையில், சில நிலையங்கள் தள்ளி, இரண்டு வெவ்வேறு விதிகள். இந்தச் சமமின்மை விளையாட்டுக்காகத் திட்டமிட்டதல்ல, உயர்கல்விச் சட்டங்களின் பக்கவிளைவு. அதனாலேயே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

4. நாக்-அவுட்டின் கணக்கு

32 அணிகள் கலந்துகொள்ளும் நாக்-அவுட்டில் மொத்தம் 31 ஆட்டங்கள். 16 அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறும். 8 அணிகள் இரண்டு ஆட்டங்களோடு. அதாவது நான்கில் மூன்று பங்கு அணிகள் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடுவதே இல்லை. அதே கல்லூரிகளில் பத்து மட்டும் ஒன்றையொன்று ஒருமுறை சந்திக்கும் லீக் நடத்தினால், கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் 9 ஆட்டங்கள் கிடைக்கும்.

திறமையை அளப்பதிலும் நாக்-அவுட் தடுமாறுகிறது. எந்த எதிரணியையும் பத்தில் ஏழு முறை வெல்லக்கூடிய வலுவான அணி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்று அது கோப்பையை எடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 17 விழுக்காடு. ஆறில் ஐந்து முறை கோப்பை வேறு யாருக்கோ போய்விடும். எதிர்பாராத முடிவு ஆட்டத்துக்குச் சுவை கூட்டும் என்பது உண்மை. ஆனால் யார் நல்ல ஆட்டக்காரர் என்று தீர்மானிக்கும் ஒரே வாய்ப்பாகவும் அதுவே இருக்கும்போது, அது அநியாயமாக மாறுகிறது.

கூடைப்பந்தின் நுணுக்கங்கள் திரும்பத் திரும்ப ஆடித்தான் கைவரும். மும்பையின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் பலர் கல்லூரியில் அல்லாமல் நாக்பாடாவின் தெருக்களில் உருவானதை இவ்வாறே புரிந்துகொள்ள முடியும். அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் 1920களில் அங்கே நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸை நிறுவினார். நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே, மாலைதோறும் பெரியவர்களோடு பையன்களும் ஆடும் களம் அங்கே உருவானது. இந்திய அணியின் தலைவராக இருந்து 1970ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முன்தசீர் அந்தக் களத்தின் பிள்ளை. கல்லூரி கொடுக்காத சீசனை அந்தப் பேட்டை தானே உண்டாக்கிக்கொண்டது.

5. மழையும் நாட்காட்டியும்

'லீக் நடத்த ஆண்டில் இடம் எங்கே?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கல்லூரி திறக்கும்போதே மும்பையில் மழையும் தொடங்கிவிடுகிறது. கூரையில்லாத சிமென்ட் களத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாசி படியும். கூரிய திருப்பங்களில் காலணி வழுக்கி முழங்காலைப் பதம் பார்க்கும். நனைந்த பந்து கையில் நிற்காது. மழை விடும்போது கணபதி விழா, பிறகு செமஸ்டர் தேர்வு, பிறகு தீபாவளி. பல்கலைக்கழக அணி மண்டலப் போட்டிக்குப் புறப்படுமுன் அணித் தேர்வை முடித்தாக வேண்டும். எஞ்சும் சில நாட்களில் நாக்-அவுட்டைத் தவிர வேறு எதையும் நுழைக்க முடிவதில்லை.

ஆனால் இந்த இறுக்கம் லீக்கையும் அணித் தேர்வையும் ஒரே கயிற்றில் கட்டியதால் வருவது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மும்பையில் மழை இல்லை, வெயில் கடுமையும் இல்லை. அந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் ஒன்பது ஆட்டங்கள் தாராளமாக அடங்கும். அந்த லீக்கின் பதிவுகளை அடுத்த ஆண்டு பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அடிப்படையாகக் கொள்ளலாம். புதிதாகச் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் முகாம் போதும்.

மழையைக் காரணம் காட்டுபவர்களுக்கு மும்பைக் கிரிக்கெட்டே பதில். 1948இல் தொடங்கிய டாக்டர் எச். டி. காங்கா நினைவு லீக் மழைக்காலத்துக்கென்றே வகுக்கப்பட்டது. ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகள்; வெல்பவர் மேலே ஏறுவார், தோற்பவர் கீழே இறங்குவார். ஈரமான ஆடுகளத்தில் எகிறியும் தாழ்ந்தும் வரும் பந்தை எதிர்கொண்டு சுனில் கவாஸ்கரும் சச்சின் டெண்டுல்கரும் அங்கே ஆடியிருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான கிரிக்கெட்டுக்காக 1935–36இல் தொடங்கிய ரோஹின்டன் பாரியா கோப்பையில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் நீண்டகாலம் கோலோச்சியதற்கு அதன் தேர்வுக் குழுவின் கூர்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பதினொருவரும் நகரத்தின் லீக்குகளில் முன்பே பழுத்தவர்கள்.

6. அமெரிக்காவை நகலெடுக்க வேண்டாம்

அமெரிக்க முறையிலும் ஆழ்ந்த கோளாறுகள் உண்டு. சீசன் முதல்வருக்கே இடம் என்ற மரபை ஐவி லீக் கூட்டணி 2016 வரை காத்தது. 2017இல் அதுவும் நான்கு அணிகளின் இறுதிப் போட்டியை ஏற்றது. தொலைக்காட்சிப் பணத்தின் இழுப்பில் 2024இல் பத்துக் கல்லூரிகள் ஒரே நேரத்தில் பசிபிக்-12 கூட்டணியை விட்டு வெளியேறின. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டு இன்று அட்லாண்டிக் கரையின் கூட்டணியில் ஆடுகிறது. அண்டைக் கல்லூரிகளின் உறவாகத் தொடங்கிய ஒன்று, மாணவர்களைக் கண்டம் கடந்து பறக்கவைக்கும் வணிகமாகிவிட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் தொடக்கத்தை மட்டும். அண்மை, திரும்பத் திரும்பச் சந்திப்பது, உள்ளூர்க் களம் – இம்மூன்றும் மத்திய ரயில் பாதையில் ஏற்கெனவே இருக்கின்றன. முலுண்டிலிருந்து மாட்டுங்காவுக்கு லோக்கல் வண்டியில் போய் ஆடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். தங்கும் செலவு இல்லை. நடுவருக்கும் பந்துக்கும் முதலுதவிக்கும் ஆகும் செலவைப் பத்துக் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளலாம். மாணவிகளின் ஆட்டத்தை அதே நாளில் அதே களத்தில் நடத்தினால், அவர்களுக்கும் பார்வையாளர் கிடைப்பர்.

7. முடிவு

இங்கே முன்வைப்பது இதுதான்: பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி, மாட்டுங்கா முதல் முலுண்ட் வரை உள்ள கல்லூரிகள் தாமாக முன்வந்து ஒரு குளிர்கால லீக்கை அமைக்க வேண்டும். முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவை பிப்ரவரி இறுதியில் இரண்டு நாள் கோப்பைப் போட்டியில் மோத வேண்டும். சோமையா தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்துவிட்டது என்பது இதற்குத் தடையல்ல. பிரிந்தவர்களைச் சேர்த்து ஆடவைக்க வேறு மேடை இல்லாததால் அதுவே இதற்குக் காரணம். ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டையும் பாதுகாத்துப் பொதுவில் வைக்க வேண்டும். தேர்வாளர் ஒரு மாலையின் அதிர்ஷ்டத்தை விட்டு ஒரு சீசனின் சான்றைப் பார்க்க அது ஒன்றே வழி. பல்கலைக்கழகத்தின் அனுமதிக்குக் காத்திராமல் கல்லூரி முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் அடுத்த டிசம்பருக்கே இதைத் தொடங்கலாம். கோப்பை யாருக்குப் போனாலும், கடைசி இடத்துக் கல்லூரியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரருக்கும் ஒன்பது ஆட்டங்கள் கொண்ட ஓர் ஆண்டு கிடைக்கும். கல்லூரி விளையாட்டு கல்வியின் பகுதி என்று நாம் சொல்வது உண்மையானால், அந்தப் பன்னிரண்டாவது ஆட்டக்காரரை வைத்துத்தான் அதன் வெற்றியை அளக்க வேண்டும்.