மெட்டாபிசிகல் கவிஞர்களின் பக்திக் கவிதை

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்ந்த ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட், ரிச்சர்ட் கிராஷா, ஹென்றி வாகன், தாமஸ் டிராஹெர்ன் ஆகியோர் இயற்றிய கிறித்தவச் சமயக் கவிதைகளும் தியான உரைநடையும் இவ்வகையில் அடங்கும். இவர்கள் ஒரு குழுவாகக் கூடி எழுதியவர்கள் அல்லர். ‘மெட்டாபிசிகல்’ என்னும் பெயரும் பிற்காலத்தார் இட்டதே. துதிப்பதைவிட இறைவனோடு வழக்காடுவது, சமயப் பொருளைக் குத்தகை, நிலப்படம், மருத்துவம் போன்ற உலகியல் செய்திகளைக் கொண்டு விளக்குவது, பேச்சோசையை விடாத நடை ஆகியவை இவர்களிடம் பொதுவாகக் காணப்படுபவை. இக்கவிதைகளின் போக்கு, இங்கிலாந்துத் திருச்சபை கண்ட ஏற்ற இறக்கங்களோடு ஒட்டியே அமைந்தது.

பின்னணி

1534-இல் எட்டாம் ஹென்றி ரோமுடன் உறவை முறித்துக்கொண்டார். அதன்பின் மக்கள் எந்த முறையில் வழிபட வேண்டும் என்பதை அரசே தீர்மானித்தது. எலிசபெத் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. புராட்டஸ்டன்ட் போதகர்களோ, ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைத் தாமே சோதித்தறிய வேண்டும் என்று வற்புறுத்தினர். வேதக் காட்சி ஒன்றை மனக்கண்முன் நிறுத்தி, அதை அறிவால் ஆராய்ந்து, இறுதியில் இறைவனோடு நேரே பேசும் தியான முறையைக் கத்தோலிக்கக் குரு லயோலா இக்னேஷியஸ் வகுத்திருந்தார். அம்முறையும் நூல்கள் வழியே பரவியிருந்தது. இவ்விரு மரபுகளும் சந்தித்த இடத்தில் இக்கவிதை பிறந்தது.

ஜான் டன் (1572–1631)

டன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தம்பி ஹென்றி, குரு ஒருவரை ஒளித்து வைத்ததற்காகச் சிறைப்பட்டு 1593-இல் நியூகேட் சிறையில் இறந்தார். டன் மெல்லமெல்லக் கத்தோலிக்க நெறியிலிருந்து விலகி, 1615-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். 1621-இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவானார். அவருடைய ‘புனித சானெட்டுகள்’ 19. அவற்றுள் பெரும்பாலானவை அவர் குருவாகும் முன்பே எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. தீர்ப்பு நாள், மரணம், தமக்கு மீட்பு உண்டா என்ற ஐயம் ஆகியவையே அவற்றின் பொருள். ஒரு சானெட்டில் தம்மைப் பகைவன் பிடித்த நகரமாகக் காட்டி, தட்டினால் போதாது, உடைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்று இறைவனை அழைக்கிறார். நோய்ப்படுக்கையைப் பாடும் கவிதையில் அவர் உடல் விரித்துவைத்த நிலப்படமாகிறது. மருத்துவர்கள் அதை ஆராயும் புவியியலார் ஆகின்றனர். தட்டையான படத்தில் மேற்கின் ஓரமும் கிழக்கின் ஓரமும் ஒன்றே என்பதால், தம் மறைவும் உயிர்த்தெழுதலும் ஒன்றையொன்று தொடும் என்று வாதிடுகிறார்.

1623-இல் கடுங்காய்ச்சலில் விழுந்து பிழைத்த டன், அடுத்த ஆண்டே ‘தியானங்கள்’ நூலை வெளியிட்டார். நோயின் போக்கை 23 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தியானம், இறைவனோடு முறையீடு, மன்றாட்டு என்னும் மூன்றையும் வரிசையாக அமைத்தார். அவருடைய கவிதைத் தொகுப்போ மறைவுக்கு இரண்டு ஆண்டு கழித்தே, 1633-இல், அச்சேறியது. அதுவரை கவிதைகள் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவே நண்பர்களிடையே உலவின.

ஜார்ஜ் ஹெர்பர்ட் (1593–1633)

வேல்ஸின் மாண்ட்கோமரியில் பிறந்த ஹெர்பர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சாளராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவர் தாய் மாக்டலன் டன்னின் நண்பர். அரசவைப் பதவி கிட்டக்கூடிய நிலையிலிருந்தும், 1630-இல் சால்ஸ்பரி அருகே பெமர்ட்டன் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாகச் சென்று, மூன்றே ஆண்டில் இறந்தார். இறக்குந் தறுவாயில், துன்புறும் ஓர் ஆன்மாவுக்கேனும் பயன்படுமானால் அச்சிடவும், இல்லையேல் எரித்துவிடவும் சொல்லி, லிட்டில் கிட்டிங் சமயக் குடும்பத்தை நடத்திய நிக்கோலஸ் ஃபெராருக்குத் தம் கையெழுத்துப் படியை அனுப்பினார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஐசக் வால்டன் எழுதுகிறார். ‘ஆலயம்’ என்னும் அந்நூல் 1633-இல் கேம்பிரிட்ஜில் அச்சாகி, அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும் கண்டது.

நூலின் அமைப்பே ஆலயத்தின் அமைப்பு. வாசகர் முகப்பு மண்டபத்தில் நுழைந்து, பலிபீடத்தைக் கண்டு, இறுதியில் திருவிருந்துப் பந்தியில் அமர்கிறார். ஹெர்பர்ட் சித்திரக்கவியிலும் வல்லவர். ‘ஈஸ்டர் சிறகுகள்’ பத்தடி கொண்ட இரண்டு பாக்களால் ஆனது. மனிதன் செல்வம் இழந்து வறியவனாவதைச் சொல்லச் சொல்ல அடிகள் குறுகி, நடுவில் ஈரசையாய்ச் சுருங்குகின்றன. இறைவனோடு எழுவதைச் சொல்லும்போது மீண்டும் நீள்கின்றன. 1633 பதிப்பில் அடிகள் செங்குத்தாக நிற்கும். நேரே பார்த்தால் சிறகு தெரியும். படிக்க நூலைத் திருப்ப வேண்டும். குருப்பணியின் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கொதிக்கும் மற்றொரு கவிதையில் அடியளவும் இயைபும் சிதறிக் கிடக்கும். இறைவன் அழைக்கும் குரல் கேட்கும் கடைசி நான்கடியில்தான் அவை ஒழுங்குக்கு வரும்.

உள்நாட்டுப் போர்க் காலம்

1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1645-இல் திருச்சபையின் பொது மன்றாட்டு நூல் தடைசெய்யப்பட்டது. பிந்தைய இரு கவிஞர்கள் இந்த இழப்பிலிருந்தே எழுதினர். கத்தோலிக்க எதிர்ப்பில் பேர்போன பியூரிட்டன் போதகரின் மகனான ரிச்சர்ட் கிராஷா (மறைவு 1649), கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேறிக் கத்தோலிக்கரானார். இத்தாலியின் லொரெட்டோவில் உயிர்நீத்தார். ‘ஆலயத்துக்குப் படிகள்’ (1646) என்ற அவர் நூற்பெயர் ஹெர்பர்ட்டுக்குச் செய்த வணக்கம். நடையோ வேறு: கண்ணீர், குருதி, தீ என்று ஐம்புலனையும் நனைக்கும் ஐரோப்பிய பரோக் நடை அது. கத்தோலிக்கப் புனிதர் அவிலா தெரேசாவைப் பற்றிய பாடல்களில் அது உச்சம் பெறுகிறது.

வேல்ஸின் அஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மருத்துவர் ஹென்றி வாகன் (1621–1695), தம்மை நெறிப்படுத்தியது ஹெர்பர்ட்டின் கவிதையே என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவருடைய ‘தீப்பொறி சிந்தும் சிக்கிமுக்கிக்கல்’ 1650-இல் வெளிவந்து 1655-இல் விரிவாக்கப்பட்டது. ஹெர்பர்ட் ஆலயக் கட்டடத்துக்குள் கண்ட இறைவனை, வழிபாட்டு முறை பறிபோன வாகன் விடியலிலும் அருவியிலும் இரவின் இருளிலும் தேடுகிறார்.

தாமஸ் டிராஹெர்ன் (சுமார் 1637–1674)

ஹெர்ஃபர்டு நகரச் செருப்புத் தொழிலாளியின் மகனாகிய டிராஹெர்ன், கிரெடென்ஹில் பங்குக் குருவாக இருந்தவர். டன்னின் அச்சம் இவரிடம் இல்லை. குழந்தை முதன்முதலாக உலகைக் காணும் வியப்பே இவருக்கு வழிபாடு. இவர் கவிதைகள் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அறியப்படாமல் கிடந்தன. 1896–97-இல் லண்டன் பழைய புத்தகக் கடையில் சில பென்னிகளுக்கு விலைபோன கையெழுத்துப் படிகளை முதலில் வாகனுடையவை என்றே கருதினர். அவை டிராஹெர்னுடையவை என்று புத்தக வணிகர் பெர்ட்ரம் டோபெல் நிறுவி, கவிதைகளை 1903-இலும் ‘தியான நூறுகள்’ உரைநடையை 1908-இலும் வெளியிட்டார்.

மதிப்பீடு

18-ஆம் நூற்றாண்டின் சுவை இவர்களை ஒதுக்கியது. தொடர்பற்ற கருத்துகளை வலிந்து பிணைத்தவர்கள் என்று சாமுவேல் ஜான்சன் 1779-இல் குறை கூறினார். மன்றாட்டு ஏற்கெனவே கவிதையினும் உயர்ந்த நிலை. அதைக் கவிதை மேலும் உயர்த்த இயலாது என்பதும் அவர் வாதம். ஆயினும் மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி ஹெர்பர்ட்டின் பாடல்களை வழிபாட்டுக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தினார். ஹெர்பர்ட் கிரியர்சனின் டன் பதிப்பும் (1912) தொகைநூலும் (1921), அத்தொகைநூலுக்கு டி. எஸ். எலியட் எழுதிய மதிப்புரையும் இவர்களை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்தன. லூயி மார்ட்ஸ் (1954) இக்கவிதைகளில் கத்தோலிக்கத் தியான முறையைக் கண்டார். பார்பரா லெவால்ஸ்கி (1979) புராட்டஸ்டன்ட் விவிலிய மரபே இவற்றின் வேர் என்று மறுத்தார். இந்த விவாதம் முடியாததற்குக் காரணம் கவிதைகளிலேயே இருக்கிறது: ஒரு தரப்பை ஏற்ற பின்னும் மறுதரப்பின் பக்தி முறைகளை இக்கவிஞர்கள் கைவிடவில்லை.